அம்பு தைத்தவர், ஆனால் தலையில் கிரீடம்: பிக்கரிங் கோயில் சுவரில் இருப்பவர் யார்?

#1 | யோர்க்சயர்_மழை | சனி இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்கு ஒரு கேள்வி இருக்கிறது.

பிள்ளைகளுக்கு நீராவி ரயில் காட்டலாம் என்று பிக்கரிங் போயிருந்தோம். வடக்கு யோர்க்சயரில் இருக்கிற சின்னச் சந்தை நகரம். ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, மழையும் பிடித்துக்கொண்டது. மேட்டில் ஒரு பழைய கோயில் தெரிந்தது, இராயப்பர் சின்னப்பர் (பேதுரு, பவுல்) கோயில். ஒதுங்கி நிற்கலாம் என்று உள்ளே போனோம். நடுக்கூடத்தின் இரண்டு பக்கமும், தூண் வளைவுகளுக்கு மேலே, சுவர் முழுக்க ஓவியம். இங்கிலாந்துக் கோயில் என்றால் கல்லும் வெறும் சுவரும்தான் என்று வருஷக்கணக்காகப் பழகிப்போன கண் எனக்கு. குடையை மடக்கக்கூட மறந்து நின்றேன்.

வடக்குச் சுவரில் ஒருவரை மரத்தில் கட்டி வைத்து அம்பு எய்கிறார்கள். உடம்பெல்லாம் அம்பு. எங்கள் ஊர்க் கோயிலே செபஸ்தியார் கோயில்தான். சனவரி வந்தால் கொடியேற்றம், நவநாள், சப்பறம் என்று வளர்ந்தவன். அதனால் யோசிக்கவே இல்லை. சிலுவை போட்டேன். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாத நேரம், அவருக்காக வேண்டிக்கொண்டு மெழுகுதிரியும் ஏற்றிவிட்டு வந்தேன்.

இரவு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தலையில் கிரீடம் இருக்கிறது. செபஸ்தியாருக்கு ஏது கிரீடம்? அவர் உரோமைப் படைவீரர் அல்லவா? யாராவது சொல்லுங்கள், இவர் யார்?

இன்னொன்று. அதே சுவரில் தோளில் குழந்தையோடு ஆற்றைக் கடக்கிற கிறிஸ்தோப்பரும் இருக்கிறார். அவரைத் தெரியும். ஆனால் ஏன் அவ்வளவு பெரிய உருவம்? கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டதே அவர்தான்.

#2 | மறைக்கல்வி_டீச்சர் | சனி இரவு 10.15

தம்பி, நீங்கள் பார்த்தது எட்மண்ட் அரசர். கிழக்கு ஆங்கிலியா என்ற பகுதியை ஆண்டவர். 869இல் டேனியப் படை வந்து அவரைப் பிடித்துக் கொன்றது. விசுவாசத்தை விடமாட்டேன் என்று அவர் நின்றதாகவும், மரத்தில் கட்டி அம்பால் துளைத்துப் பிறகு தலையை வெட்டியதாகவும் அவருடைய வேதசாட்சி வரலாறு சொல்கிறது. வெட்டிய தலையைக் காட்டில் ஓர் ஓநாய் காத்துக் கிடந்ததாம். அவர் கல்லறை இருந்த ஊருக்கே பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்று பெயர். நடுக்காலத்தில் இங்கிலாந்தின் பெரிய திருத்தலங்களில் அது ஒன்று.

படத்தில் அவர் பக்கத்தில் ஒரு சுருள் இருக்கும், பாருங்கள். நடுக்கால ஆங்கிலத்தில் இரண்டு வரி. நல்ல செயலுக்குக் கைம்மாறாக விண்ணகப் பேரின்பம் கிடைக்கும் என்று பொருள் வரும்.

அவருக்குப் பக்கத்திலேயே பீடத்தின் முன் மண்டியிட்ட ஆயர் ஒருவரை வாளோடு வந்த வீரர்கள் கொல்கிற காட்சி இருந்திருக்கும். அவர் தோமஸ் பெக்கெட், கேன்டர்பரி பேராயர், 1170இல் தம் பேராலயத்துக்குள்ளேயே வெட்டுண்டவர். அரசராக இருந்து இறந்தவர் ஒருவர், அரசரின் ஆட்களால் இறந்தவர் ஒருவர். இரண்டு பேரையும் அருகருகே வரைந்திருக்கிறார்கள். வரைந்தது 15ஆம் நூற்றாண்டின் நடுவில்.

இந்த மாதிரிச் சுவர்களில் ஆளை அடையாளம் காண ஒரு வழி சொல்கிறேன். முகத்தைப் பார்க்காதீர்கள். முகம் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதலில் கையைப் பாருங்கள், பிறகு காலடி, பிறகு தலை. கையில் குருத்தோலை இருந்தால் வேதசாட்சி. திறவுகோல் இராயப்பர், வாள் சின்னப்பர், கற்கள் முடியப்பர், இரும்பு அடுப்புக் கம்பிச்சட்டம் லவுரேந்தியார். சக்கரமும் வாளும் கத்தரீனம்மாள். அந்தக் கோயிலின் தெற்குச் சுவரில் அவர் கதையே வரிசையாக இருக்கிறது. சக்கரத்தில் கட்டி வதைக்கப் பார்த்தார்கள், சக்கரம் உடைந்துபோனது, அதனால் வாளால் வெட்டினார்கள். இரண்டையும் அவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

#3 | யோர்க்சயர்_மழை | சனி இரவு 10.32

நன்றி டீச்சர். சக்கரத்தைப் பார்த்தேன், யார் என்று தெரியாமலே கடந்துவிட்டேன். அந்தச் சுவர்களில் இன்னும் ஏரோதின் விருந்து, ஸ்நாபக அருளப்பரின் (யோவானின்) தலைவெட்டு, பசித்தவருக்கு உணவு கொடுப்பது, சிறையிலிருப்பவரைப் பார்ப்பது எல்லாம் இருந்தன.

மனதுக்குள் ஒரு சின்னக் குறுகுறுப்பு. வேறொருவர் முன்னால் நின்று செபஸ்தியாரைக் கூப்பிட்டுவிட்டேனே.

#4 | வேம்பாறு_காற்று | சனி இரவு 11.05

குறுகுறுப்பு வேண்டாம் சகோதரா. உங்கள் கண் செய்த அதே காரியத்தை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஒரு துறவி செய்திருக்கிறார். 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் எல்ஃப்ரிக் என்பவர் பழைய ஆங்கிலத்தில் எட்மண்டின் வரலாற்றை எழுதினார். அம்புகள் தைத்து முள்ளெலியின் முள்போல உடம்பெல்லாம் நின்றன, செபஸ்தியாருக்கு நேர்ந்ததுபோலவே என்கிறார். எட்மண்டின் சாவைச் சொல்லும்போதே செபஸ்தியார் அவருக்கு நினைவில் வந்துவிட்டார். சொன்னவருக்கும் கேட்டவருக்கும் ஓர் அம்பு இன்னோர் அம்பை நினைவூட்டியது.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது, அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. எட்மண்ட் கையில் அம்பு வைத்திருந்தால் அது அவர் எப்படி இறந்தார் என்பதைச் சொல்லும். செபஸ்தியார் அம்பால் இறக்கவே இல்லை. இறந்துவிட்டார் என்று விட்டுப் போனார்கள். ஐரீன் என்ற கைம்பெண் அவரை எடுத்துக் காயம் ஆற்றினார். பிறகு மறுபடி அரசன் முன்னால் போய் நின்றார், தடியால் அடித்துக் கொன்றார்கள். அப்படியிருந்தும் சுவரில் அவருக்குத் தடி கிடையாது, அம்புதான். ஏன்?

கொள்ளைநோய்தான் காரணம். எங்கிருந்தோ வந்து தைக்கிற நோயை அம்பு என்றே அந்தக் காலத்து மக்கள் பேசினார்கள். பகலில் பறக்கும் அம்பையும் இருளில் உலவும் கொள்ளைநோயையும் திருப்பாடல் 91 அடுத்தடுத்துச் சொல்கிறது. அம்பு தைத்தும் சாகாத ஒருவரைவிட யார் அந்த நேரத்தில் வேண்டியவர்? 1348க்குப் பிறகு ஐரோப்பாவில் கொள்ளைநோய் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் அவரை வரைந்த சுவர்கள் கூடின. உரோமையில் சங்கிலி இராயப்பர் கோயிலில் 7ஆம் நூற்றாண்டு மொசைக் ஒன்றில் செபஸ்தியார் நரைத்த தாடிக்காரர், முழு உடையோடு நிற்கிறார். இளைஞராகவும் கட்டுண்டவராகவும் அவரை நாம் பார்ப்பதெல்லாம் பின்னால் வந்தது.

இத்தாலியில் சான் ஜிமிஞானோ என்ற ஊர். 1464இல் அங்கே கொள்ளைநோய். அகுஸ்தினார் கோயிலில் பெனொட்சோ கொட்சோலி அப்போது அகுஸ்தினாரின் வாழ்க்கையைச் சுவரில் வரைந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில் அதே கோயிலில் ஒரு செபஸ்தியாரையும் வரைந்தார். நேரில் பார்த்த நாளை நான் மறக்க மாட்டேன். செபஸ்தியார் கட்டுண்டு இல்லை, ஆடை கலையவில்லை, உடம்பில் ஓர் அம்பு இல்லை. மேலே பிதாவும் சம்மனசுகளும் (வானதூதர்களும்) ஊர்மேல் அம்பு எறிகிறார்கள். இவர் தம் மேலாடையை விரித்து நிற்கிறார். சம்மனசுகள் அதன் ஓரங்களைப் பிடித்திருக்கின்றன. அம்புகள் அந்தத் துணியில் பட்டு முறிந்து விழுகின்றன. துணிக்கு அடியில் ஊர் சனம், ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் மண்டியிட்டு இருக்கிறார்கள். அந்த முகங்கள் எல்லாம் தனித்தனி முகங்கள். நம் ஊரில் அம்மன் கோயிலாக இருந்தாலும் மாதா கோயிலாக இருந்தாலும் வைசூரிக் காலத்தில் போய் நின்ற சனம் அந்த முகங்களை உடனே புரிந்துகொள்ளும்.

அப்புறம் கிறிஸ்தோப்பர். அவர் ஏன் பெரியவர் என்றால், கதையில் அவர் இராட்சத உருவம் கொண்டவர் என்பது பாதிப் பதில். மீதிப் பாதி அவர் நிற்கிற இடத்தில் இருக்கிறது. உள்ளே போகும் வாசல் தெற்குப் பக்கம் இருந்திருக்குமே? வடக்குச் சுவரில் அதற்கு எதிரே வைத்தால், வாசலில் தலையை நீட்டினாலே தெரிவார். கிறிஸ்தோப்பரின் முகத்தை எந்த நாளில் பார்க்கிறாயோ அந்த நாளில் உனக்குத் துர்மரணம் வராது என்று நம்பினார்கள். பாவசங்கீர்த்தனம் செய்யாமல், அவஸ்தைப்பூசுதல் (சாகும் நேரத்தில் எண்ணெய் பூசும் சடங்கு) பெறாமல் திடீரென்று சாவதுதான் அன்றைக்குப் பெரிய பயம். நன்மரணத்துக்காகச் செபித்து வளர்ந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வயலுக்குப் போகிறவன் வழியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். அவன் கண்ணுக்குத் தப்பாமல் படவேண்டும் என்றுதான் அந்த அளவு.

#5 | சாந்துக்கரண்டி | ஞாயிறு காலை 7.20

அருமையான இழை. சுண்ணாம்பு வேலை செய்கிற குடும்பத்தில் பிறந்தவன் என்ற உரிமையில் ஒரு திருத்தம்.

பலர் இதையெல்லாம் பிரெஸ்கோ என்று ஒரே பெயரில் சொல்கிறார்கள். சான் ஜிமிஞானோ மாதிரி இத்தாலிய வேலைக்கு அது சரி. பிக்கரிங் பிரெஸ்கோ அல்ல. பிரெஸ்கோ என்றால் ஈரம். நீற்றின சுண்ணாம்பும் மணலும் கலந்து கடைசிப் பூச்சைப் பூசி, அது காய்வதற்குள் தண்ணீரில் கரைத்த நிறத்தை வைப்பது. பசை எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரிவாயுவை இழுத்து மறுபடி கல்லாக இறுகும்போது நிறத்தையும் தனக்குள் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒரு நாளைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்குத்தான் பூச முடியும். அந்த ஒரு நாள் துண்டை இத்தாலியர் ஜோர்னாத்தா என்பார்கள். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் துண்டுகளின் விளிம்பு தடவினால் தெரிகிற மாதிரி தெரியும். விளிம்புகளை எண்ணினால் ஒரு முகத்துக்கு எத்தனை நாள் போனது என்று சொல்லிவிடலாம்.

இங்கிலாந்தில் பெரும்பாலும் காய்ந்த சுவர்மேல் சுண்ணாம்புத் தண்ணீர் பூசி அதன்மேல் வரைந்தார்கள். நிறத்தைப் பிடிக்கத் தோல் பசையோ பால்பொருளோ சேர்ப்பார்கள். செங்காவி, மஞ்சள் காவி, சுண்ணாம்பு வெள்ளை, கரி. இவ்வளவில்தான் முக்கால்வாசி வேலை. கையருகே கிடைக்கிற மண். விலை உயர்ந்த நீலம் கொஞ்சமாகத்தான் வரும். காய்ந்த சுவர் வேலை சீக்கிரம் உதிரும். அதனால்தான் இங்கிலாந்துக் கோயில்களில் கிறிஸ்தோப்பரின் கால் மட்டும் மிச்சம், மீன் மட்டும் மிச்சம் என்று துண்டு துண்டாகப் பார்க்கிறோம்.

இத்தாலியிலும் எல்லாம் ஈரத்தில் நிற்காது. அசுரைட் நீலத்தைக் காய்ந்த பிறகுதான் பசையோடு வைக்க வேண்டும். மாதாவின் மேலாடை மட்டும் உதிர்ந்து சாம்பல் நிறமாக நிற்கிற சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஓவியன் கைவிட்டது அல்ல அது, நீலம் போய்விட்டது.

#6 | யோர்க்சயர்_மழை | ஞாயிறு காலை 9.02

வாசல் தெற்கில்தான் இருந்தது வேம்பாறு அண்ணா! நான் போய் நின்ற கோலமே நீங்கள் சொன்னதுதான்.

டீச்சர், இன்னொரு சந்தேகம். போன வருஷம் தென் பிரான்சில் ஒரு மலைக்கிராமத்துச் சிற்றாலயத்தில் அந்தோணியார் என்று எழுதியிருந்த படத்தைப் பார்த்தேன். கிழவர், காலடியில் பன்றி. குழந்தை இயேசுவும் இல்லை, லீலியும் இல்லை. அது எப்படி?

#7 | மறைக்கல்வி_டீச்சர் | ஞாயிறு மதியம் 1.48

(பூசை முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன்.)

அவர் வனத்து அந்தோணியார் தம்பி. நம்மிடம் இரண்டு பேருக்கும் தனித்தனிப் பெயர் இருப்பதால் பிரச்சினை இல்லை. கோடி அற்புதர் பதுவை அந்தோணியார், சூன் 13. எகிப்தின் பாலைவனத்தில் தவம் செய்த வனத்து அந்தோணியார், சனவரி 17. ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டு இடைவெளி கொண்ட இரண்டு மனிதர்கள்.

அவர் கைத்தடியைப் பார்த்தீர்களா? மேலே குறுக்குக்கட்டை, 'டி' எழுத்து மாதிரி. அதில் மணி தொங்கும். சில சுவர்களில் காலடியில் நெருப்பும் எரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு.

நெருப்பு ஒரு நோய். கம்பு மாதிரியான ரை தானியத்தில் ஒரு பூஞ்சை பிடிக்கும். அந்த மாவு ரொட்டியைத் தின்றால் கை கால் எரிந்து கறுத்து அழுகி விழும். காரணம் தெரியாத மக்கள் அந்தோணியாரின் நெருப்பு என்றார்கள். 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் இந்த நோயாளிகளைப் பார்ப்பதற்கென்றே அந்தோணியார் பெயரில் ஒரு சகோதரர் அமைப்பு உருவாகி ஐரோப்பா முழுக்க மருத்துவமனை வைத்தது. 'டி' அவர்கள் உடையில் தைத்துக்கொண்ட குறி. ஊருக்குள் பன்றியை அவிழ்த்து விடும் உரிமை அவர்களுக்கு இருந்தது. பன்றியின் கழுத்தில் மணி கட்டியிருக்கும். மணிச் சத்தம் கேட்டால் இது மருத்துவமனைப் பன்றி என்று சனம் மிச்சம் மீதியைப் போடும். அந்தக் கொழுப்பும் இறைச்சியும் நோயாளிகளுக்கு.

ஆக, பாலைவனத்துத் தபசியின் காலடியில் நிற்கிற பன்றி, எகிப்திலிருந்து வந்ததில்லை. ஓவியனின் சொந்தத் தெருவிலிருந்து வந்தது.

மலையோரத்து ஆலயங்களில் அவர் பக்கத்திலேயே வழிப்போக்கர் உடையில் ஒருவர் தொடையைத் திறந்து புண்ணைக் காட்டிக்கொண்டு நிற்பார். ஒரு நாய் வாயில் ரொட்டியோடு இருக்கும். பிரான்சில் அவர் ரோக், நம் ஊரில் ஆரோக்கியநாதர். கொள்ளைநோயாளிகளைப் பார்க்கப் போய்த் தனக்கே நோய் வந்து காட்டில் கிடந்தவர், அந்த நாய் தினம் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தது. நோய் ஊருக்குள் நுழைகிற பாதையில்தான் இப்படி ஆலயம் கட்டுவார்கள். ஊர் எல்லையில் செபஸ்தியாரும் ஆரோக்கியநாதரும் காவல்.

#8 | லுப்லியானா_நடை | ஞாயிறு இரவு 8.30

நான் ஸ்லோவேனியாவில் இருக்கிறேன். இங்கே கிறிஸ்தோப்பரை உள்ளே தேடாதீர்கள். கோயிலின் வெளிச்சுவரில், பாதையைப் பார்த்து நிற்பார். ஆல்ப்ஸ் மலைப் பக்கம் முழுக்க, கரிந்தியா, திரோல் எல்லாம் அப்படித்தான். கழுதையில் சரக்கு ஏற்றிப் போகிறவர்கள் கோயிலுக்குள் வர நேரம் இல்லாமல் இருக்கலாம். அவர்கள் பாதையில் இருந்தே பார்க்கட்டும் என்று வெளியே வரைந்தார்கள். போஹின் ஏரிக்கரையில் ஸ்நாபக அருளப்பர் கோயில் இருக்கிறது, பாலத்தைத் தாண்டும்போதே வெளிச்சுவரில் கிறிஸ்தோப்பர் தெரிவார். காலைச் சுற்றித் தண்ணீர், எதிரே உண்மையான தண்ணீர். அங்கே போகும்போதெல்லாம் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நடப்பேன்.

நான் சொல்ல வந்தது வேறு ஒரு படம். ஷ்கோஃப்யா லோகா ஊருக்குப் பக்கத்தில் செர்ன்குரோப் என்ற சின்ன இடம். மங்கள வார்த்தை மாதா கோயில். முன்பக்கச் சுவரில் சுமார் 1460இல் வரைந்த ஒரு பெரிய படம். யான் என்ற லுப்லியானாக்காரரின் பட்டறை வேலை. நடுவில் காயங்களோடு ஆண்டவர். சுற்றிலும் சின்னச் சின்னக் கட்டங்களாக உழுகிறவர், நெய்கிறவர், இரும்படிக்கிறவர், சமைக்கிறவர், சூதாடுகிறவர் என்று நாற்பதுக்கும் மேலே காட்சிகள். எந்தப் புனிதரின் பெயரும் இல்லை. முதல் தடவை பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது என்பதைப் பிறகு சொல்கிறேன். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

#9 | சாந்துக்கரண்டி | ஞாயிறு இரவு 8.51

தொழில்களுக்கெல்லாம் பாதுகாவலராக ஆண்டவர்? சூசையப்பர் பட்டறையில் உளியும் இழைப்புளியும் வரைகிற மாதிரி. வேலையை ஆசீர்வதிப்பது. எனக்கு அப்படித்தான் படுகிறது. கரண்டி எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்!

#10 | லுப்லியானா_நடை | ஞாயிறு இரவு 9.10

எனக்கும் அப்படித்தான் பட்டது ஐயா. இங்கிலாந்தில் இதே வகைப் படங்களை முதலில் ஆராய்ந்தவர்களுக்கும் அப்படித்தான் பட்டது. கார்ன்வாலில் பிரேக் என்ற ஊர்க் கோயிலில், ஒரு பெரிய கிறிஸ்தோப்பருக்குப் பக்கத்தில், தொழில் கருவிகள் சூழ ஆண்டவர் நிற்கிறார். தொழில்களின் கிறிஸ்து என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

உண்மை நேர்மாறு. கருவிகள் அவரை நோக்கி நிற்கின்றன. கலப்பை, அரிவாள், கத்தரிக்கோல் எல்லாம் அவரைக் குத்துகின்றன. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிறவன் ஒவ்வொருவனும் தன் கருவியால் ஆண்டவரை மறுபடி காயப்படுத்துகிறான் என்பதுதான் படத்தின் பொருள். செர்ன்குரோப் படத்தின் பெயரே இங்கே புனித ஞாயிறு.

இதை நினைக்கும்போது டீச்சர் சொன்ன கை, காலடி வழி எனக்கு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. லவுரேந்தியாரின் இரும்புச் சட்டம் அவரை வதைத்தது, ஆனால் அவர் அதைக் கையில் பிடித்திருக்கிறார். இப்போது அது அவர் வெற்றி. பர்த்தலோமேயு தம் தோலை உரித்த கத்தியைத் தாமே ஏந்தி நிற்பார். இந்த ஞாயிறு ஆண்டவர் கையில் எதுவும் இல்லை. கருவிகள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. கருவி கையில் இருக்கிறதா, உடம்பை நோக்கி இருக்கிறதா என்பதிலேயே படம் மாறிவிடுகிறது.

இந்த நாட்டின் தென்மேற்கில் ஹ்ராஸ்தோவ்லியே கோயிலில் 1490இல் கஸ்தாவ் ஊர் யான் வரைந்த சாவின் ஊர்வலம் இருக்கிறது. பாப்பரசர் முதல் தொட்டில் குழந்தை வரை எலும்புக்கூடுகள் கைபிடித்துக் கூட்டிப் போகும். அதற்குத் தனி இழையே வேண்டும், இங்கே தொடவில்லை.

#11 | மறைக்கல்வி_டீச்சர் | திங்கள் மாலை 6.05

அழகாகச் சொன்னீர்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைக் காட்டப் போகிறேன். படிப்பறியாதவர்களுக்குப் படமே வேதப்புத்தகம் என்று பெரிய கிரகோரியார் பாப்பரசர் சொன்னது எவ்வளவு சரி! மர்சேய் நகர ஆயர் செரேனுஸ் படங்களை உடைத்தபோது, 600ஆம் ஆண்டையொட்டி அவருக்கு எழுதிய கடிதத்தில் கிரகோரியார் சொன்ன பதில் அது.

#12 | வேம்பாறு_காற்று | திங்கள் இரவு 9.44

டீச்சர், உங்கள்மேல் உள்ள மரியாதை குறையாமல் இதில் மறுக்கிறேன். கிரகோரியார் சொன்னது ஆயருக்கு. படத்தை உடைக்காதே என்று தடுக்க அந்தக் காரணம் போதும். ஆனால் ஆயிரம் வருஷமாகச் சுவரைப் பார்த்து நின்ற சனத்தின் காரணம் அது மட்டும் இல்லை.

முதலாவது, படம் தானாக எதையும் கற்பிக்காது. சாந்துக்கரண்டி ஐயாவுக்கே ஞாயிறு ஆண்டவர் தொழிலின் காவலராகத் தெரிந்தார். கதை தெரியாதவருக்குக் கத்தரீனம்மாள் சக்கரம் வைத்த ஒரு பெண், அவ்வளவுதான். கதையைப் பிரசங்கத்தில் கேட்டிருக்க வேண்டும், பாட்டி சொல்லியிருக்க வேண்டும். படம் அதை நினைவுக்குக் கொண்டுவரும். இரண்டாவது, படிக்கத் தெரியாதவருக்காக மட்டும் என்றால் எட்மண்டின் பக்கத்தில் ஏன் எழுத்து?

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். அப்பொலோனியா அம்மாள் குறட்டில் பல்லைப் பிடித்து நிற்கிறார். பாடம் படிக்கவா அவர் முன்னால் போவார்கள்? பல்வலி என்று போவார்கள். லூசியம்மாள் தட்டில் கண் வைத்திருந்தால் கண் மங்கினவர்கள் போவார்கள். புளோரியான் எரிகிற வீட்டின்மேல் வாளித் தண்ணீர் ஊற்றினால் ஓலைக்கூரைக்காரர்கள் போவார்கள். மார்கரீத் அம்மாள் பறவைநாகத்தின் வயிற்றைக் கிழித்து வெளியே வந்தவர், பிள்ளைத்தாய்ச்சிகள் அவரைக் கூப்பிட்டார்கள். பல்லும் கண்ணும் வாளியும் பெயர்ப் பலகை மட்டும் இல்லை. என் துன்பம் இவருக்குத் தெரியும் என்பதற்கான சாட்சி. அதனால்தான் சுவரில் இருந்தவர் பார்க்க வேண்டியவர், கூப்பிட வேண்டியவர். புத்தகம் என்று சொன்னால் இந்தப் பாதி காணாமல் போகிறது.

#13 | மறைக்கல்வி_டீச்சர் | திங்கள் இரவு 10.20

யோசித்தேன். பிரசங்கமும் படமும் சேர்ந்தே வேலை செய்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கற்பித்தல் இல்லை என்று விட்டுவிடவும் மாட்டேன். தம்பி பார்த்த அதே பிக்கரிங் சுவரில் பசித்தவருக்கு உணவு, தாகமுள்ளவருக்குத் தண்ணீர், சிறையிலிருப்பவரைச் சந்திப்பது என்று இரக்கச் செயல்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் புனிதர் யாரும் இல்லை, கூப்பிடவும் யாரும் இல்லை. பார்த்தவன் வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியது அது. வடக்குச் சுவரில் உங்கள் பாதி, தெற்குச் சுவரில் என் பாதி என்று வைத்துக்கொள்ளலாமா?

#14 | வேம்பாறு_காற்று | திங்கள் இரவு 10.27

தெற்குச் சுவரை நான் மறந்தே போனேன். சரி டீச்சர்.

#15 | சாந்துக்கரண்டி | செவ்வாய் காலை 6.50

ஞாயிறு ஆண்டவர் விஷயத்தில் திருத்தியதற்கு நன்றி தம்பி. பதிலுக்கு இந்தச் சுவர்கள் எப்படித் தப்பின என்பதைச் சொல்கிறேன்.

1538இல் எட்டாம் ஹென்றி பெக்கெட்டின் படங்களை எல்லாம் அழிக்கச் சொன்னார். அவர் மகன் ஆறாம் எட்வர்ட் காலத்தில், 1547 முதல், எல்லாப் படங்களுக்கும் அந்தக் கதி. ஆனால் சுவரைக் கொத்தி எடுப்பது பெரிய வேலை. கூலி அதிகம், தூசி அதிகம். வெள்ளையடிப்பது எளிது. பல ஊர்களில் வெள்ளையடித்தார்கள். நாடகாசிரியர் ஷேக்ஸ்பியரின் அப்பா ஜான், ஸ்ட்ராட்ஃபோர்ட் ஊரின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கில்ட் சிற்றாலயத்தில் படங்களைச் சிதைக்க 2 ஷில்லிங் கொடுத்ததாக அவர் கணக்கில் ஒரு வரி இருக்கிறது. மகன் பிறந்த 1564ஆம் ஆண்டையொட்டி. அங்கேயும் சுண்ணாம்புக்கு அடியில் ஓவியம் மிச்சம் இருந்தது.

நல்ல சுண்ணாம்புப் பூச்சு மெல்லிய போர்வை மாதிரி. மெழுகுப் புகையும் கைபடுவதும் வெயிலும் அதைத் தாண்டிப் போகாது. அழிக்கச் சொன்னவர்களின் கட்டளைதான் 300 ஆண்டு அந்தச் சுவர்களைக் காத்தது. பிக்கரிங்கில் 1852இல் வெள்ளைக்கு அடியிலிருந்து படங்கள் வெளியே வந்தன. அப்போதிருந்த பங்குக் குருவுக்குப் பிடிக்கவில்லை, மறுபடி வெள்ளையடித்துவிட்டார். 1870களில் தொடங்கிய வேலையில்தான் நிரந்தரமாகத் திறந்தார்கள்.

இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை: அங்கே நீங்கள் பார்க்கிற கோடு எல்லாமே 15ஆம் நூற்றாண்டுக் கோடு அல்ல. 19ஆம் நூற்றாண்டில் திறந்தவர்கள் மங்கின இடங்களில் கணிசமாக மேலே தீட்டிவிட்டார்கள். யார் எங்கே நிற்கிறார், என்ன வைத்திருக்கிறார் என்பது பழையது. முகத்தின் தெளிவைப் பழையது என்று நம்ப முடியாது. கையைப் பார், முகத்தைப் பார்க்காதே என்று டீச்சர் சொன்னது இந்தக் காரணத்துக்கும் பொருந்துகிறது. இன்றைக்கு என்றால் அப்படித் தீட்ட விடமாட்டார்கள். உதிர்ந்த இடத்தை உதிர்ந்ததாகவே விட்டுச் சுற்றிலும் சாந்தால் விளிம்பு கட்டுவார்கள். என் கை அதைத்தான் விரும்பும். ஆனாலும் அவர்கள் திறந்திருக்காவிட்டால் இந்த இழையே இல்லை.

#16 | யோர்க்சயர்_மழை | அடுத்த ஞாயிறு, இரவு 8.15

ஒரு வாரம் எழுதவில்லை, மன்னிக்க வேண்டும். மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக இருந்தேன். நான் மெழுகுதிரி ஏற்றினவர் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார்.

நேற்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு பிக்கரிங் போனேன். ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஆங்கிலம் தெரியாது. நான் எதுவும் சொல்லாமல் பின்னால் நடந்தேன். கதவைத் திறந்ததும் கிறிஸ்தோப்பரைப் பார்த்துத் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பறவைநாகத்தைக் குத்துகிறவரை ஜார்ஜியார் என்றார். ஏரோதின் விருந்தைப் பார்த்ததும் ஸ்நாபக அருளப்பர் எங்கே என்று தேடினார். தெற்குச் சுவரில் பாடுகளின் காட்சிகளைச் சிலுவைப்பாதை மாதிரி ஒவ்வொன்றாக நின்று நின்று முடித்தார். கத்தரீனம்மாளை அவருக்குத் தெரியவில்லை. கதை சொன்னேன், கேட்டுக்கொண்டே சக்கரத்தைப் பார்த்தார். சாந்துக்கரண்டி ஐயா, நான் இந்த முறை கோடுகளைக் கிட்டே போய்ப் பார்த்தேன். சில இடங்களில் கோடு ரொம்பத் திடமாக, அச்சடித்த மாதிரி இருக்கிறது. அதுதான் பின்னால் வந்த கையா? படம் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

எட்மண்ட் முன்னால் வந்ததும் "செபஸ்தியாருக்கு ஆர் கிரீடம் வைச்சது?" என்றார். இவர் வேறு ஆள் அம்மா, இந்த நாட்டு அரசர் என்று சொல்லி, அம்பு, ஓநாய் எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இவருடைய திருநாள் எப்போது என்று கேட்டார். கைபேசியில் பார்த்துச் சொன்னேன், நவம்பர் 20.

செபஸ்தியாருக்கு சனவரி 20. இரண்டு பேருக்கும் இருபதுதான் என்று சொல்லிவிட்டு, நாட்காட்டியில் குறித்துவைக்கச் சொன்னார். இரவு குறித்துவைத்தேன்.